சடக்கு மண்டோருக்கு ஓட்டு

குளுவாங்கில் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் எனக்கு ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. முப்பதுகளில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரைச் சுற்றிக் கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டங்கள், ஊருக்குள் கடைகண்ணிகள், ரயில்வே ஆட்கள், சடக்குப் போடுகிற கவர்மெண்டு ஆபீஸ். சடக்கு என்றால் எங்கள் பக்கத்தில் சாலை. நான் கப்பலில் வந்து இறங்கிய புதிதில் இந்தச் சொல் தெரியாது. வழி கேட்டபோது ஒருவர், "சடக்குல போ" என்றார். சீக்கிரம் போகச் சொல்கிறாராக்கும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடினேன். அவர் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிங்கப்பூரிலிருந்து ரயிலில் தமிழ்ப் பத்திரிகை வரும். சந்தா கட்டியவன் நான். படிப்பவனும் நான்தான். கேட்பதற்குக் கடை நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஒரு வரி படிப்பேன், கத்தியை இரண்டு இழுப்பு இழுப்பேன், நடுவில் என் அபிப்பிராயத்தையும் சேர்த்துவிடுவேன். எது பத்திரிகை எழுதியது, எது நான் சொன்னது என்று வெளியே போகிறவர்களுக்குத் தெரியாது. சில நாளில் எனக்கே தெரியாது.

ஊரில் தமிழர் சங்கம் ஒன்று இருந்தது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கட்டடம். அதன் அக்கிராசனர், அதாவது தலைவர், சடக்கு ஆபீஸின் பெரிய கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா என்று அர்த்தம், ஆனால் பெரிய கிராணி என்றால் ஊரில் பாதி ராஜா என்று அர்த்தம். வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போடுவார். எந்தத் தாளில் போடுவது என்று முடிவு செய்வது கிராணி. கோட்டும் கழுத்துப்பட்டையுமாக அவர் நடந்து வந்தால் நாய்கூட ஓரமாக ஒதுங்கும். அவர் மட்டும் என் கடைக்கு வரமாட்டார். என்னைக் குவார்ட்டர்ஸுக்குக் கூப்பிட்டு அனுப்புவார், நான் கொல்லைப்புறமாகப் போய்க் கிணற்றடியில் வைத்து முடி வெட்டுவேன். உச்சியில் சொட்டை விழுந்திருந்தது. அதை மறைக்க இடது காதுக்கு மேலிருந்து முடியை இழுத்து வலது காதுவரை படியச் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது. வேலை முடிந்ததும் அவர் தலை முழுகிவிட்டுத்தான் படியேறுவார். நான் தொட்ட தீட்டு போகவேண்டுமாம். என் கையால் மறைத்த சொட்டையோடு மேடையேறி சமத்துவத்தைப் பற்றிப் பேசுவார். பத்திரிகையும் 'அரிய சொற்பொழிவாற்றினார்' என்று எழுதும்.

அப்படி எழுதுகிறவர் எங்கள் தமிழ்ப்பள்ளி வாத்தியார். பத்திரிகைக்கு அவர்தான் 'நமது நிருபர்'. கெட்ட மனிதர் இல்லை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகினால் கிராணி சொன்னால்தான் ஓலை வரும், அதனால் கிராணி தும்மினாலும் அவருக்குச் செய்தி.

சங்கத்தில் ஒரு வழக்கம். முன்னால் நாற்காலிகள், பின்னால் பாய்கள். கிராணிமாரும் கடை முதலாளிகளும் நாற்காலியில் உட்காருவார்கள். தோட்டத்து ஆட்கள், சடக்கு வேலைக்காரர்கள், நான், வண்ணார் எல்லாம் பாய். சந்தா என்னவோ எல்லாருக்கும் ஒரே சந்தாதான். ஒரு கூட்டத்துக்குச் சடக்கு மண்டோர் வேலையிலிருந்து நேராக வந்தார். மண்டோர் என்றால் வேலைக்காரர்களை மேய்க்கிறவர், தோட்டத்துக் கங்காணி மாதிரி. நாள் முழுக்க வெயிலில் தார் ஊற்றிவிட்டு வந்த அசதியில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கிராணி மேடையிலிருந்து பார்த்தார்.

"மண்டோர், அது மெம்பர்களுக்குப் போட்டிருக்கிற நாற்காலி."

"நானும் மெம்பர்தானுங்க ஐயா. சந்தா கட்டியிருக்கேன்."

"கட்டியிருக்கலாம். எழுந்து பின்னாலே போம்."

எழுந்து வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். மறுநாள் சவரத்துக்கு வந்தவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, நான் நிக்கப் போறேன்."

"இப்பத்தானே உக்காந்தீங்க. எதுக்கு நிக்கணும்?"

"அட, அக்கிராசனருக்கு நிக்கப் போறேன் அண்ணே. தேர்தல்ல."

கத்தி என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. பிறகு வந்த சந்தோஷத்தில் அவருக்குக் காசு வாங்காமல் மீசையும் ஒதுக்கிவிட்டேன்.

ஊர் கொதித்தது. அதுவரை அக்கிராசனர் பதவிக்கு ஒருவருக்கு மேல் யாரும் நின்றதில்லை. கிராணி நிற்பார், எல்லாரும் கை தட்டுவார்கள், எலுமிச்சம்பழ சர்பத் தருவார்கள், வீட்டுக்குப் போய்விடுவோம். இப்போது இரண்டு அபேட்சகர்கள். அபேட்சகர் என்ற சொல்லையே நாங்கள் அந்த வருஷம்தான் வாய்க்குப் பழக்கினோம். ரயிலடியில் கூலி சுமக்கிறவன்கூட, "உன் அபேட்சகர் யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையை இறக்கினான்.

கடையில் நாள்தோறும் விவாதம். மண்டோருக்கு இங்கிலீஷ் தெரியாதே, மலாய்க்கார அதிகாரி வந்தால் யார் பேசுவது என்றார் ஒருவர். மண்டோர் மலாய் பேசினால் கம்பத்து மலாய்க்காரர்களே நின்று கேட்பார்கள், கிராணிக்குத்தான் மலாயில் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற 'சூடா மாக்கான்' என்பதற்கு மேல் வராது என்றேன் நான். அக்கிராசனர் என்றால் ஒரு தோற்றம் வேண்டாமா, இவர் வேட்டியில் தார்க்கறையோடு மேடையேறுவாரா என்றார் இன்னொருவர். இதெல்லாம் மேலுக்குச் சொல்வது. உள்ளே இருந்தது வேறு. நாற்காலிக்காரர் ஒருவர் சவரத்துக்கு உட்கார்ந்தபடி மெதுவாகக் கேட்பார்: "அது சரி, மண்டோருக்கு ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" தெருவைத் தெரிந்துகொண்டு அவர் என்ன தபாலா போடப் போகிறார்? சாதியைக் கேட்க வாய் கூசியவர்கள் தெருவைக் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கழுத்துல கத்தி இருக்கு, அசையாதீங்க" என்பேன். பேச்சு நின்றுவிடும்.

எங்கள் பக்கமும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் படித்தவன் அத்தனை பேரும் துரைக்கு வால் பிடிப்பவன் என்று பாய்க்காரர்கள் பேசினார்கள். கிராணி சொட்டையை மறைக்கும் விதத்தை நான் சீப்பை வைத்து நடித்துக் காட்டினேன். கடை குலுங்கச் சிரித்தார்கள். இன்றைக்குக் கேட்டாலும் நடித்துக் காட்டுவேன்.

இந்தக் குதூகலத்தில் பங்கெடுக்காத ஒரே ஆள் மண்டோரின் மனைவி. ஒருநாள் மத்தியானம் கடைக்குப் பின்பக்கம் வந்து நின்று கூப்பிட்டாள். இடுப்பில் பெண்குழந்தை.

"அண்ணே, அவரு ஒங்க பேச்சத்தான் கேப்பாரு. நிக்க வேணாம்னு சொல்லுங்க."

"ஏம்மா, நல்ல காரியம்தானே?"

"தோத்துட்டா கிராணி சும்மா விடுவாரா? காஹாங்குக்கு மாத்திப்புடுவாரு. எல்லாரும் சொல்லிக்கிறாங்க."

நானும் கேள்விப்பட்டிருந்தேன். காஹாங் அப்போது காட்டுக்குள் கிடந்தது. மெர்சிங் போகிற சடக்கை அங்கே காட்டை வெட்டிப் பராமரிப்பார்கள். யானை வரும், அதைவிட மோசமாகக் குளிர்காய்ச்சல் வரும். மண்டோர் முன்பு அங்கேதான் வேலை பார்த்தார். இரண்டு பெண்குழந்தைகளோடு போனவர்கள் ஒன்றோடு திரும்பி வந்தார்கள்.

"ஒண்ண அங்க பொதைச்சிட்டு வந்தேன். இது ஒண்ணுதான் மிச்சம். அந்த மண்ண இனிமே மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் லாரி ஏறினேன்" என்றாள்.

ஆனாலும் நான் வீறாப்பை விடவில்லை. "தங்கச்சி, ஜெயிச்சுட்டா சங்கத்துக்கே தலைவர். தலைவரை யாரு தொட முடியும்? ஜெயிக்க வைக்கிறது எங்க பொறுப்பு" என்றேன். அவள் நம்பிய மாதிரித் தெரியவில்லை. குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஜெயிக்க வைப்பது அவ்வளவு லேசா? தோட்டத்து மெம்பர்கள் நிறையப் பேர், ஆனால் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவர்களுக்குத் துணி துவைக்க, தலை முழுக, கள்ளுக்கடைக்குப் போக. அத்தனையையும் விட்டுவிட்டு லாரி ஏறி வந்து பாயில் உட்கார என்ன தலையெழுத்து? இது கிராணிக்கும் தெரியும், அதனால்தான் நிம்மதியாக இருந்தார். நான் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கூப்பிட்டேன். "பாக்கலாம்லா" என்றார்கள். பாக்கலாம்லா என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம்.

தேர்தலுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. மண்டோர் என் நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு இருக்கிறார். பத்திரிகை வந்தது. அக்கிராசனர் தேர்தல் என்று தலைப்பு. எங்கள் ஊர்ச் செய்தி! பெஞ்சியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். நான் குரலைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். முக்கால்வாசி கிராணியின் புராணம். உயர்குடிப் பிறப்பு, ஆங்கிலப் புலமை, துரைமார்களின் நன்மதிப்பு, இன்னும் என்னென்னவோ. படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம். கடைசியில் ஒரே ஒரு வரி மண்டோரைப் பற்றி. அதை நான் பாதி படித்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

"என்ன அண்ணே, என்னயப் பத்தி என்ன போட்டிருக்கு?" என்றார் நுரைக்குள்ளிருந்து.

"'எதிர் அபேட்சகர் சடக்கென மாண்டார்'னு போட்டிருக்கு."

பிறகு மண்டோர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அப்ப சவரத்த முடிச்சே அனுப்பிருங்க. போற எடத்துல மூஞ்சி பளிச்சுன்னு இருக்கட்டும்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. வாத்தியாரைப் பிடித்து இழுத்துவந்தோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் எழுதி அனுப்பியது, 'எதிர் அபேட்சகர் சடக்கு மண்டோர்' என்று. சிங்கப்பூரில் எழுத்துக் கோர்க்கிறவர் ஊரிலிருந்து புதிதாக வந்த ஆள். அவருக்குச் சடக்கும் தெரியாது, மண்டோரும் தெரியாது. நிருபர் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்துத் தன் படிப்பைக் காட்டித் திருத்தியிருக்கிறார். ஒரு காலத்தில் பெட்டியோடு ஓடியவன் நான், எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

சிரித்துவிட்டு மறந்துவிட்டோம். பத்திரிகை எங்கள் கடைக்கு மட்டும் வருவதில்லை என்பது யாருக்கும் நினைவில்லை.

ஞாயிறு காலை, கடையைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கோ தப்புச் சத்தம். சாவுக் கொட்டு. யார் போய்விட்டார்கள் என்று வெளியே வந்து பார்த்தால், சாஆ என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு லாரி, நிறைய ஆட்கள். பின்னால் இன்னொரு லாரி. மாட்டுவண்டிகள், சைக்கிள்கள், நடந்து வருகிறவர்கள். ஆண்கள் தலையில் துண்டைக் கட்டியிருக்கிறார்கள், பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு, "சடக்குப் போட்ட ராசாவே, சாஞ்சிட்டியே ராசாவே" என்று ஒப்பாரி வைக்கிறார்கள். ஒருவர் கையில் மாலை, ஒருவர் கையில் புதுத்துணி. மண்டோர் சடக்குப் போட்ட தோட்டங்களில் எல்லாம் அவருக்குச் சிநேகிதர்கள். ஓட்டுப் போட வாருங்கள் என்று நான் கெஞ்சியபோது அசையாதவர்கள் சாவு என்றதும் ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள். நம் ஆட்கள் அப்படித்தான்.

நானும் பின்னாலேயே ஓடினேன். லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில், மண்டோரின் மனைவி சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்த கிழவி அவளைக் கட்டிக்கொண்டு, "பொட்டழிஞ்சு போச்சே மகளே!" என்று கத்தினாள். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது. வாளியைக் கீழே போட்டாள்.

"அலமாக்! உசிரோட இருக்கிற மனுசனுக்கு ஒப்பாரியா? என் பொட்டு ஒங்களுக்கு என்னாடி பண்ணிச்சு?"

அந்தச் சத்தம் கேட்டு மண்டோர் கொல்லையிலிருந்து வேப்பங்குச்சியை மென்றபடியே வந்தார். தப்பு நின்றது. மாலை வைத்திருந்தவர் வாயைப் பிளந்தார். கிழவி மண்டோரின் கையைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள், பிறகு ஓங்கி முதுகில் ஒரு அறை விட்டாள். "கெட்டி ஆயுசுடா ஒனக்கு! சாவுச் சேதி வந்து பொழச்சவன் நூறு இருப்பான்!" என்றாள். அவ்வளவுதான். அதே தப்புக்காரர் அடியை மாற்றிக் கல்யாண அடி அடித்தார். பிணத்துக்குக் கொண்டுவந்த மாலையைத் தூக்கி எறிந்துவிட்டு, பசாரில் புது மாலை வாங்கிப் போட்டார்கள். சந்தோஷத்தில் எனக்கு நடக்க வரவில்லை, குதிக்கத்தான் வந்தது.

நான் ஒரு மாட்டுவண்டியில் ஏறி நின்று கத்தினேன்: "வந்தது வந்துட்டீங்க! மத்தியானம் தேர்தல்! சந்தா கட்டின மெம்பரெல்லாம் இருந்து கையத் தூக்கிட்டுப் போங்க!"

"இருக்கோம்லா!" என்றது கூட்டம். அந்த 'லா'வில் இப்போது வேறு அர்த்தம் இருந்தது.

சங்கக் கட்டடம் அன்று பட்ட பாடு! பாய்கள் நிறைந்து, நடைபாதை நிறைந்து, ஆட்கள் ஜன்னலில் உட்கார்ந்தார்கள். நாற்காலிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கிராணியின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு ரெண்டு கண் போதவில்லை. தேர்தலை நடத்த அவர் ஏற்பாடு செய்திருந்தது சாப்பாட்டுக்கடை மரைக்காயரை. நாகூர்ப் பக்கத்துக்காரர், முஸ்லிம், இந்தச் சாதிச் சண்டையில் தலையிடமாட்டார், நாம் சொல்வதைச் செய்வார் என்று கிராணி கணக்குப் போட்டிருந்தார்.

கூட்டம் தொடங்கியதும் கிராணி எழுந்தார். "பத்திரிகையிலே எதிர் அபேட்சகர் இறந்துவிட்டதாக வந்திருக்கிறது. பத்திரிகையில் வந்ததைப் பத்திரிகையே மறுக்கவேண்டும். மறுப்பு வருகிற வரையில் இந்தத் தேர்தலை ஒத்திவைப்பதுதான் முறை. மேலும், இழவுச் செய்தி வந்த ஒருவரை மங்களகரமான ஆசனத்தில் அமர்த்துவது சங்கத்துக்கு அபசகுனம்."

என்ன மூளை பாருங்கள்! இன்றைக்கு ஒத்திவைத்தால் இந்த லாரிகள் திரும்பிப் போய்விடும், மறுபடி வராது. கூட்டம் ஒரே இரைச்சல். நான் என்னென்னவோ கத்தினேன், இங்கே எழுத முடியாது. கிராணி "ஆர்டர், ஆர்டர்" என்று மேசையைத் தட்டினார்.

மரைக்காயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். மவுத்தாப் போனதாச் சொல்ற இந்த மனுசரு இன்னிக்குக் காலைல எங்கடைக்கு வந்தாரு. ரெண்டு ரொட்டி தின்னாரு. ஆணம் பத்தலேன்னு எங்கிட்ட சண்டையும் போட்டாரு. எங்கடை ஆணத்துல உப்புக் கூடலாம், ஒறப்புக் கூடலாம், ஆனா மய்யித்து எந்திரிச்சு வந்து கேக்குற அளவுக்கு ருசி கெடயாது. அபேட்சகர் ஹயாத்தோட இருக்காரு. தேர்தல் நடக்கும்."

கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிச் சிரிப்பு. நாற்காலிப் பக்கமிருந்து ஒருவர், "துலுக்கருக்கு நம்ம சகுனம் என்ன தெரியும்?" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. நேற்றுவரை அவர் கடையில் கடன் சொல்லித் தின்ற வாய் அது. மரைக்காயர் முகம் சிவந்தது, ஆனால் குரல் ஏறவில்லை. "எனக்குச் சகுனம் தெரியாது வாத்தியாரய்யாவுக்குப் பக்கத்துல இருக்கிறவரே. கை எண்ணத் தெரியும்" என்றார். வாத்தியார் தலை குனிந்துகொண்டார்.

கை தூக்கித்தான் ஓட்டு. ரகசிய ஓட்டெல்லாம் அப்போது நாங்கள் கண்டதில்லை. முதலில் கிராணிக்கு. நாற்காலிகள் அத்தனையும் தூக்கின, பாயிலும் கொஞ்சம். அடுத்து மண்டோருக்கு. கிராணி மேடையின் விளிம்புக்கு வந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சடக்கு வேலைக்காரர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர்கள் பிழைப்பு அவர் பேனாவில் இருக்கிறது. ஒரு கையும் எழவில்லை. பிறகு தோட்டத்துப் பக்கம் ஒன்று எழுந்தது, இரண்டு எழுந்தது, அப்புறம் எங்கும் கைகள், கித்தாப் பால் வெட்டிக் கறுத்த கைகள். அதைப் பார்த்துச் சடக்குக்காரர்களும் கிராணியின் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்கள். நான் இரண்டு கையையும் தூக்கியிருந்தேன். மரைக்காயர், "ஒரு கைய எறக்கும்" என்று அதட்டினார். ஜன்னலுக்கு வெளியே பெண்களும் தூக்கி நின்றார்கள்.

"தாய்மாரே, ஒங்க கை கணக்குல சேராது" என்றார் மரைக்காயர்.

"சேராட்டிப் போவுது, நான் எறக்க மாட்டேன்!" என்றாள் காலையில் ஒப்பாரி வைத்த கிழவி.

அந்தப் பெண்களுக்கு நடுவில் மண்டோரின் மனைவியும் நின்றாள். அவள் கை மட்டும் குழந்தையைப் பிடித்திருந்தது. அவள் கையைத் தூக்கவில்லை என்பதை நான் பார்த்தேன்.

மண்டோர் ஜெயித்தார். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பசாரைச் சுற்றினோம். சீனன் காப்பிக்கடைக்காரன் என்ன திருவிழா என்று கேட்டான். செத்தவர் தலைவரானார் என்று மலாயில் சொன்னேன், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுப்பும் அந்த வாரமே பத்திரிகையில் வந்தது: 'பிழை திருத்தம். சடக்கென மாண்டார் என்பதைச் சடக்கு மாண்டோர் என்று திருத்தி வாசிக்கவும்.' வாத்தியார் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கடையில் ஒரு மணி நேரம் அழாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்த செய்தியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். மண்டோருக்குக் காஹாங் மாற்றல் தாள் தயாராகிவிட்டது. துரையின் கையெழுத்து விழுந்துவிட்டது. ஆனால் தாள் இன்னும் கிராணியின் மேசையில்தான் இருக்கிறது. உடல்நிலை சரியில்லை, தலைமைப் பதவியிலிருந்து விலகுகிறேன் என்று மண்டோர் எழுதிக் கொடுத்தால் அது கிழிக்கப்படும். அந்தப் பொறுப்புக்கு மறுபடி தகுதியுள்ளவர் வருவார்.

தலைவரை யாரு தொட முடியும் என்று அவளிடம் சொன்னவன் நான்தான்.

மாலையில் மண்டோர் வந்தார். சவரத்துக்கு இல்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முன்னால் வைத்தார். அவருக்கு எழுத வராது.

"எழுதிருங்க அண்ணே."

"மண்டோரே, கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. அவளுக்கு ஒரு வார்த்த குடுத்து அங்கேருந்து கூட்டியாந்தேன். அவள மறுபடி அங்க கூட்டிட்டுப் போயி என்னால நிக்க முடியாது. எழுதுங்க."

பேனாவை மையில் தோய்த்தேன். 'ஐயா' என்று எழுதியிருப்பேன். பின்கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளேயே வந்துவிட்டாள். என் கடைக்குள் ஒரு பெண்பிள்ளை காலடி வைத்தது அதுதான் முதல்.

"எழுதாதீங்க அண்ணே."

"நீதானம்மா வேணாம்னு..." என்றேன்.

"ஆமா, நான்தான் சொன்னேன். அன்னிக்கு அவரு செத்துட்டாருன்னு ஊரே அழுதுச்சு. உசிரோட பாத்ததும் அதே ஊரு கையத் தூக்குச்சு. இப்ப இவரு விலகிக்கிறேன்னு எழுதிக் குடுத்தா, பத்திரிகைக்காரன் போட்டது நெசமாப் போயிரும்." புருஷன் பக்கம் திரும்பினாள். "மாசம் ஒரு ஞாயித்துக்கெழம லாரியில வந்து கூட்டத்த நடத்து. அந்த நாற்காலியில ஒக்காந்துதான் நடத்தணும். மூட்ட கட்டியாச்சு, எந்திரி."

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. மண்டோர் தாளை எடுத்து மடித்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். எதற்கு வைத்துக்கொண்டார் என்று தெரியவில்லை.

விடிந்ததும் சடக்கு ஆபீஸ் லாரி வந்தது. வழியனுப்பத் தோட்டத்து ஆட்களும் மரைக்காயரும் நானும் வந்திருந்தோம். மரைக்காயர் வழிக்கு ரொட்டியும், இந்தத் தடவை தூக்குச்சட்டி நிறைய ஆணமும் கொடுத்தார். அவள்தான் முதலில் லாரியில் ஏறினாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் காஹாங்கில் எங்கே இறக்கவேண்டும், புது லயத்திலா ஆபீஸ் கொட்டகையிலா என்று கேட்டான். மண்டோர் பதில் சொல்லுமுன் அவள் சொன்னாள்:

"லயத்துக்கு முந்தி ஒரு மேடு வரும், மொதல்ல அங்க நிறுத்துங்க தம்பி. எம்மூத்தவ இத்தன நாளாத் தனியாக் கெடக்கா. அம்மா வந்துட்டேன்னு சொல்லிட்டுப் போறேன்."